கர்ட் ஃபிளட்டுக்கு நாலாவது ஓட்டு

எங்கள் அறையில் இருக்கும் இரும்பு அலமாரியைத் திறந்தால் உள்கதவில் பன்னிரண்டு படங்கள் ஒட்டியிருக்கும். பன்னிரண்டு பேரும் அமெரிக்காவில் பேஸ்பால் ஆடியவர்கள். ஷார்ஜா ரோலாவில், கீழே மணி எக்ஸ்சேஞ்சும் மேலே எங்களைப் போன்றவர்களும் இருக்கிற கட்டடத்தில், ஐந்து கட்டில் போட்ட பேச்சிலர் அறையில் இந்தப் படங்கள் எதற்கு என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எனவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பொன்னுச்சாமி அண்ணனுக்கு வந்த டிரான்ஸ்ஃபரையும், அதற்காக நான் எழுதிய இரண்டு கடிதங்களையும் வரிசைப்படி சொல்கிறேன்.

அப்போது அறையில் ஐந்து பேர். பொன்னுச்சாமி அண்ணன், சுரேஷ்குமார், விஜயபாஸ்கராகிய நான், மூவரும் ஒரே லாண்டரி கம்பெனி. ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம். மார்க்கண்டு அண்ணை பருத்தித்துறைக்காரர். ஒரு சூப்பர்மார்க்கெட்டின் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். நான்கு பேருக்கும் இரவு டூட்டி. ஐந்தாவது ஆள் செய்கு முகம்மது காக்கா, காயல்பட்டினம். தேராவில் மசாலாக் கடையில் இருக்கிறார். அவர் எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். நாங்கள் ஆறரைக்கு வந்துவிடுவோம். ஆக, காலை ஆறரையிலிருந்து எட்டு வரைதான் ஐந்து பேரும் ஒன்றாக இருக்கும் நேரம்.

அந்த நேரத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் முந்தின நாள் ராத்திரி. அங்கே விளக்கு போட்டு ஆடுகிற ஆட்டம் இங்கே எங்கள் இட்லிக்குச் சரியாக நேரலையில் வரும். மார்க்கண்டு அண்ணையின் தங்கை குடும்பம் டொராண்டோவில் இருக்கிறது. அவர்கள் அனுப்பிய நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர்தான் முதலில் பார்க்க ஆரம்பித்தார். சேனலை மாற்றச் சொல்லி ஒரு மாதம் சண்டை போட்டோம். இரண்டாவது மாதம் நடுவர் கொடுத்த அவுட்டுக்குச் சண்டை போட்டோம். அதற்குப் பிறகு யாரும் சேனலை மாற்றச் சொல்லவில்லை. போன நவம்பரில் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், பதினோராவது இன்னிங்ஸில் டொராண்டோ தோற்றது. அன்று காலை மார்க்கண்டு அண்ணையின் தட்டில் வைத்த இட்லி நாலும் அப்படியே இருந்தன. சுரேஷ்குமார்தான் எடுத்துச் சாப்பிட்டான்.

அமெரிக்காவில் ஆடி ஓய்ந்தவர்களுக்கு ஒரு புகழ் மண்டபம் உண்டு. பேஸ்பால் எழுத்தாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து வந்தால் உள்ளே. எங்கள் அறைக்கும் அதேபோல் ஒன்று வைத்துக்கொண்டோம். ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகை முடிந்து செய்கு காக்கா வந்ததும், ஓட்டு. ஐந்தில் மூன்று என்றால் அறுபதுதான். எனவே நாலு ஓட்டு வேண்டும். ஒருவருக்கு ஐந்து ஜனவரிதான் வாய்ப்பு. ஐந்திலும் வராவிட்டால் பெயரை அடித்துவிட வேண்டியது. விதிகளை ஒரு தாளில் எழுதி அலமாரிக்குள் ஒட்டியவன் நான்.

பேப் ரூத் முதல் வருஷமே ஐந்துக்கு ஐந்து வாங்கினார். நிலநடுக்கத்தில் சிக்கியவர்களுக்குச் சாமான் கொண்டுபோகும்போது விமானம் விழுந்து இறந்த கிளெமென்டே அதே நாள் உள்ளே வந்தார். அவருக்கு ஓட்டே எடுக்கவில்லை, எல்லோரும் தலையை ஆட்டினோம். கறுப்பர்கள் தனியாக ஆடிய பழைய லீக்குகளின் கணக்கை 2024இல் பெரிய லீக் கணக்கோடு சேர்த்தார்கள் அல்லவா, அப்போது ஜோஷ் கிப்சன் சராசரியில் எல்லோரையும் தாண்டி முதலிடத்துக்கு வந்தார், செத்து எழுபத்தேழு வருஷம் கழித்து. அரியர்ஸ் இவ்வளவு லேட்டாக எந்தக் கம்பெனியிலும் வந்ததில்லை என்றார் பொன்னுச்சாமி அண்ணன். கிப்சனுக்கும் படம் உண்டு.

பொன்னுச்சாமி அண்ணனின் ஆள் கால் ரிப்கன். ஒரு நாள்கூட விடாமல் தொடர்ந்து 2,632 ஆட்டம் ஆடியவர். அண்ணனும் அப்படித்தான். கமுதிப் பக்கத்துக்காரர். பன்னிரண்டு வருஷமாக விரிப்பு தேய்க்கும் ரோலர் மெஷினில் நிற்கிறார். ஊருக்குப் போகிற லீவைத் தவிர வேறு லீவு எடுத்ததில்லை. காய்ச்சல் வந்தால் மெஷின் சூட்டில் வியர்த்துப் போய்விடும் என்பார். வருஷா வருஷம் கம்பெனி கொடுக்கிற வருகைச் சான்றிதழ்களை நெகிழிக் கவரில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

அவருக்கு ஆகவே ஆகாத ஆள் கர்ட் ஃபிளட்.

ஃபிளட் செயின்ட் லூயிஸ் அணியில் சென்டர் ஃபீல்டில் நின்றவர். ஏழு வருஷம் வரிசையாகத் தங்கக் கையுறை விருது வாங்கியவர். சராசரி .293. அந்தக் காலத்தில் ஆட்டக்காரன் எந்த அணியில் சேர்ந்தானோ அந்த அணிக்குத்தான் ஆட வேண்டும். அவர்களாக விட்டால்தான் போகலாம், அவர்களாக மாற்றினால் போயே ஆக வேண்டும். 1969இல், பன்னிரண்டு வருஷம் ஆடிய பிறகு, ஒரு நாள் விடிகாலையில் போன் வந்தது: உன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியாயிற்று. ஃபிளட் போக மாட்டேன் என்றார். லீக் தலைவருக்குக் கடிதம் எழுதினார். கோர்ட்டுக்குப் போனார். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றார். அதோடு அவர் ஆட்டம் ஏறக்குறைய முடிந்தது. அமெரிக்காவிலேயே இன்னும் அவரை மண்டபத்தில் சேர்க்கவில்லை.

மார்க்கண்டு அண்ணை, நான், சுரேஷ்குமார், மூவரும் நாலு ஜனவரியாக அவருக்குத்தான் போட்டோம். செய்கு காக்கா போடமாட்டார். 1968 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் தலைக்கு மேல் போன பந்தை ஃபிளட் முன்னால் விழும் என்று தப்பாகக் கணித்து இரண்டடி முன்னால் ஓடிவிட்டார், தொடரே போயிற்று. ஒரு பந்தைச் சரியாகக் கணிக்காதவனுக்கு எப்படி ஓட்டுப் போட என்பது அவர் கட்சி. பொன்னுச்சாமி அண்ணனின் கட்சி வேறு. வருஷத்துக்குத் தொண்ணூறாயிரம் டாலர் வாங்குகிறவன் இடம் மாற்றியதற்காக ஒரு வருஷம் முழுக்க டூட்டிக்கு வராமல் உட்கார்ந்திருக்கலாமா என்பார். "இங்க அப்படி ஒருத்தன் உக்காரட்டும் பாப்பம்" என்று முடிப்பார். மூன்றுக்கு இரண்டு. நாலு வருஷமும் அறுபது சதவீதம்.

இந்த ஜனவரி ஃபிளட்டுக்கு ஐந்தாவது, கடைசி.

டிசம்பர் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை, டூட்டி முடிந்து பஸ் ஏறப் போகும்போது சூப்பர்வைசர் அண்ணனைக் கூப்பிட்டு, மனாமாவில் இருக்கும் பஹ்ரைன் கிளைக்குப் புது ரோலர் மெஷின் வந்திருக்கிறது, அனுபவமுள்ள ஆள் வேண்டும், பிப்ரவரி ஒன்றாம் தேதி அங்கே ஜாயின் பண்ண வேண்டும் என்றார். நல்ல சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னார். அண்ணன் அறைக்கு வந்ததும் டி.வி.யைப் போட வேண்டாம் என்றார்.

காரணம் எங்களுக்குத் தெரியும். பிப்ரவரி பத்தாம் தேதி அவர் மனைவி வீரம்மாள் அக்கா திருச்சியிலிருந்து விமானத்தில் வருகிறார். ஒரு மாத விசிட் விசா. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஒரு நாளைக்கு ஆயிரம் விரிப்பு தேய்க்கிறேன் என்று இவர் சொல்வதை அக்கா நம்பியதே இல்லையாம்; அந்த மெஷினைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் முதல் ஆசையாம். ரோலாவில் ஒரு குடும்ப வீட்டில் தனி அறை பேசி வைத்திருந்தார். தேராவில் அக்காவை அப்ரா படகில் ஏற்ற வேண்டும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று செய்கு காக்காவிடம் இரண்டு முறை கேட்டு வைத்திருந்தார். பிப்ரவரி ஒன்றாம் தேதி இவர் மனாமா போனால் இங்கே விசா கேன்சல். அங்கே புது ஒப்பந்தம். அக்கா ஷார்ஜாவில் வந்து இறங்கி யாரைப் பார்ப்பார்?

அண்ணன் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "பாஸ்கர் தம்பி, ஒரு லெட்டரு போடணும்" என்றார்.

இந்த அறைக்கு வந்ததிலிருந்து அறுபது கடிதம் எழுதியிருக்கிறேன். லீவு, பாஸ்போர்ட், பேங்க், ஊரில் தாசில்தார் ஆபீஸ், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து எண் போட்டு ஃபைலில் வைத்திருக்கிறேன். மணப்பாறையில் படித்தபோது எங்கள் இங்கிலீஷ் சார் லீவ் லெட்டரை மட்டும் மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தார். மதிப்பிற்குரிய ஐயா, பணிவான வணக்கம், தங்கள் மேலான சமூகத்திற்கு, தயவுகூர்ந்து, நன்றியுடன், தங்கள் கீழ்ப்படிதலுள்ள. ஒன்று குறைந்தாலும் அரை மார்க் போகும். நான் ஒரு அரை மார்க்கும் விட்டதில்லை.

கடிதம் எண் 61ஐ இரண்டு நாள் எடுத்து இங்கிலீஷில் எழுதினேன். ஏழு பத்தி. முதல் பத்தியில் வணக்கம். இரண்டாவதில் பன்னிரண்டு வருஷம் சோறு போட்ட கம்பெனிக்கு நன்றி. மூன்றாவதில் பஹ்ரைன் கிளைக்குத் தேர்ந்தெடுத்த நம்பிக்கைக்கு நன்றி. நான்காவதில் நிர்வாகத்தின் எந்த உத்தரவுக்கும் கட்டுப்பட்டவன் என்ற உறுதி. ஐந்தாவதில் வருகைச் சான்றிதழ்களின் பட்டியல். ஆறாவதில், பிப்ரவரி பத்தாம் தேதி மனைவி வருவதைக் கருணையோடு கருத்தில் கொண்டு கூடிய விரைவில் ஆவன செய்யும்படி வேண்டுகோள். ஏழாவதில் மறுபடியும் நன்றி. படித்துக் காட்டினேன். அண்ணனுக்குப் பாதி புரிந்தது. சத்தம் நன்றாக இருக்கிறது என்றார்.

பதில் முப்பதாம் தேதி வந்தது. எங்கள் ஆபீஸில் ஹெச்.ஆர். வேலை பார்க்கும் ருமைஸா, இலங்கையில் அக்குறணைக்காரர், எனக்குப் போன் பண்ணினார். அவர் ஊரில் அண்ணனை நானா என்பார்கள்.

"நானா, பொன்னுச்சாமி நானாட லெட்டர வாசிச்சிட்டு மேனேஜருக்குச் சரியான சந்தோஷம். வைஃப் வர முந்தி அங்க போய் செட்டில் ஆகணும்னுதானே கேட்டீங்க? பெப்ரவரி வேணாம், ஜனவரி பதினைஞ்சே போகட்டும்னு சைன் வெச்சிட்டார். அங்கேயே வைஃப எடுத்துக்கட்டாம்."

நான் ஃபைலை எடுத்து நகலைப் படித்தேன். ஏழு பத்தியிலும் மாட்டேன் என்ற சொல் இல்லை. முடியாது இல்லை. வேண்டாம் இல்லை. மேனேஜர் லெபனான்காரர், நல்ல மனிதர். உள்ளதைப் படித்து, உள்ளபடி உதவியிருக்கிறார். நான் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. சொல்ல வந்தது மட்டும்தான் அதில் இல்லை.

அண்ணனிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. பிப்ரவரி ஒன்று ஜனவரி பதினைந்து ஆன கணக்கை விரல் விட்டு எண்ணினார். பதினாறு நாள் இருக்கிறது என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்று நாளில் வெள்ளிக்கிழமை வந்தது. செய்கு காக்கா தொழுகை முடித்து நெய்ச்சோற்றுப் பொட்டலங்களோடு வந்தார். நான் ஓட்டுச் சீட்டுகளை வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும் மார்க்கண்டு அண்ணை நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். ஃபிளட்டுக்காக அவர் பேசுவது எங்களுக்கு மனப்பாடம்: தங்கக் கையுறை, இருநூறு ஆட்டத்துக்கு மேல் ஒரு பந்தும் தவறவிடாதது, பிறகு அந்தக் கடிதம். இந்தத் தடவை கடைசி வருஷம் என்பதால் கடிதத்தைப் போனில் எடுத்து முழுக்கப் படித்தார். படிக்கப் படிக்கத் தமிழில் சொன்னார். பன்னிரண்டு வருஷம் ஆடிய பிறகு, என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கிற ஒரு சாமானாக என்னை நான் நினைக்கவில்லை. அதுதான் தொடக்கம். வேறு அணிகளும் என்னைக் கேட்கலாம், நான் யோசித்து முடிவு செய்வேன். அதுதான் சாரம்.

நாலு வருஷமாகக் கேட்ட கடிதம்தான். அன்றைக்குத்தான் அதன் உருவம் எனக்குத் தெரிந்தது. சொல்ல வந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். எங்கள் சார் பத்துக்கு மூன்று போட்டிருப்பார்.

பொன்னுச்சாமி அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழக்கமாக இந்த இடத்தில் தொண்ணூறாயிரம் டாலரை எடுப்பார். எடுக்கவில்லை.

"எத்தன வரி அது?" என்று கேட்டார்.

மார்க்கண்டு அண்ணை போனைப் பார்த்து எண்ணினார். "ஒரு பக்கமும் வராது. சின்னக் கடிதம்."

"பாஸ்கரு எழுதுனது ரெண்டு பக்கம்." அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார். "பெறகு அவனுக்கு என்னதான் ஆச்சு? கோர்ட்ட விடுங்க. ஆளுக்கு?"

ஒரு வருஷம் சும்மா இருந்ததையும், அடுத்த வருஷம் வாஷிங்டனுக்குப் பதின்மூன்று ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு விலகியதையும், நாட்டை விட்டே கொஞ்ச காலம் போயிருந்ததையும் மார்க்கண்டு அண்ணை மறைக்காமல் சொன்னார். அவர் தோற்று மூன்று வருஷத்தில் வேறு இரண்டு பேர் அதே வழக்கைத் தகராறு தீர்க்கும் நடுவரிடம் கொண்டுபோய் ஜெயித்ததையும், இப்போது ஆடுகிறவன் ஒவ்வொருவனும் அதில்தான் சாப்பிடுகிறான் என்பதையும் சொன்னார்.

"அவனுக்கு ஒண்ணும் கெடைக்கல."

"ஓம். அவருக்கு ஒண்டும் கிடைக்கேல்லை."

"தோத்தவன் லெட்டரைப் பாத்து நான் எழுதவா?"

செய்கு காக்கா பொட்டலத் தாளை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அந்த ஆளு கணிச்சது தப்பு வாப்பா, நான் என்னைக்கும் சொல்லுவேன். ஆனா கேட்டது தப்புன்னு நான் ஒருநாளும் சொன்னதில்லெ. ஓட்டுதான் போடலெ."

நாலு சீட்டு என் கைக்கு வந்தது. அண்ணன் தன் சீட்டை எழுதாமல் சட்டைப் பைக்குள் வைத்தார். இப்போது போட முடியாது என்றார். விதியில் அப்படி இடம் இல்லை என்று நான் சொல்லப் போனேன். மழையாலோ விளக்கு அணைந்தோ பாதியில் நின்ற ஆட்டத்தை இன்னொரு நாள் நின்ற இடத்திலிருந்து தொடங்குவார்கள், அதுதான் முறை என்று மார்க்கண்டு அண்ணை சொல்லிவிட்டார். நாலு சீட்டையும் உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, அலமாரியில் வைத்தேன்.

பிறகு அண்ணன் என் லேப்டாப்பைக் காட்டி, "எடு" என்றார்.

அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். எதையும் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "ஜனவரி பதினஞ்சு பஹ்ரைன் போக மாட்டேன்னு போடு." மாட்டேன் என்ற சொல்லை எந்த மேனேஜருக்கும் நான் அடித்ததில்லை. ஒரு தடவை அடித்து, அழித்து, தயவுகூர்ந்து என்று ஆரம்பித்தேன். அண்ணன் பக்கத்தில் குனிந்து பார்த்து, நீளத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார், எடு என்றார். எடுத்தேன். முழுக் கடிதமும் இவ்வளவுதான்:

ஜனவரி பதினைந்தாம் தேதி நான் பஹ்ரைன் போக மாட்டேன். என்னைக் கேட்காமல் முடிவு செய்திருக்கிறீர்கள். பிப்ரவரி பத்தாம் தேதி என் மனைவி ஷார்ஜா வருகிறாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. அவள் ஊருக்குத் திரும்பிய பிறகு என்னைக் கேளுங்கள். அப்போது யோசித்துப் பதில் சொல்கிறேன்.

கீழே பெயர். கடிதம் எண் 62. நன்றியாவது போடட்டுமா என்று கேட்டேன். போன லெட்டரில் போட்ட நன்றியே மூன்று லெட்டருக்குக் காணும் என்றார்.

பயம் இல்லாமல் இல்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் அக்கா வருவதும் போய்விடும், இருக்கிறதும் போய்விடும். அன்று சாயந்திரம் சுரேஷ்குமார்கூட, வேண்டாம் அண்ணே, மார்ச்சில் பஹ்ரைனுக்கே அக்காவை வரவழைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தான். எப்போது வரவழைக்கலாம் என்பதையும் அவர்கள்தானே சொல்வார்கள் என்றார் அண்ணன்.

திங்கட்கிழமை காலை டூட்டி முடிந்து அவர் பஸ் ஏறவில்லை. மேனேஜர் எட்டு மணிக்குத்தான் வருவார். நான் கூட இருக்கிறேன் என்றேன், சுரேஷ்குமாரும் இறங்கிவிட்டான். மூன்று பேரும் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தோம். எட்டே காலுக்கு அண்ணன் மட்டும் உள்ளே போனார். கதவு பாதி திறந்துதான் இருந்தது.

மேனேஜர் படித்தார். திரும்பப் படித்தார். பழைய கடிதத்தை ருமைஸாவிடம் எடுத்துவரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இது யார் எழுதியது, அது யார் எழுதியது என்று கேட்டார். அது இங்கிலீஷ் தெரிந்த தம்பி எழுதியது, இது நான் சொல்லி எழுதியது என்று அண்ணன் இந்தியில் சொன்னார். வாசலில் இருந்த எனக்குக் காது சுட்டது.

மேனேஜர் கோபப்பட்டது உண்மை. மாட்டேன் என்று தன் மேஜைக்கு ஒரு காகிதம் வந்ததில்லை என்றார். கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, மனைவி எவ்வளவு நாள் இருப்பாள் என்று கேட்டார். ஒரு மாதம் என்றார் அண்ணன். நீ போகவில்லையென்றால் அங்கே மெஷினை யார் ஓட்டுவது என்று கேட்டார்.

"பூச்கே தேக்கோ சாப்" என்றார் அண்ணன். கேட்டுப் பாருங்கள் என்று அர்த்தம். "கோயி ஜானேவாலா ஹோகா." போகிறவன் எவனாவது இருப்பான்.

அந்த நேரத்தில் என் பக்கத்திலிருந்த சுரேஷ்குமார் எழுந்து கதவருகே போய், நான் போகிறேன் என்றான். அவன் மனைவியின் அண்ணன் மனாமாவில் குதைபியாவில் குடும்பத்தோடு இருக்கிறார். பஹ்ரைன் என்ற பேச்சு வந்த நாளிலிருந்தே அவனுக்குப் போக ஆசை. ரோலர் மெஷினும் ஓட்டத் தெரியும். மூன்று வருஷம் அண்ணனுக்குப் பக்கத்து மெஷினில் நின்றவன். ஏன் முன்பே சொல்லவில்லை என்று பிறகு கேட்டோம். யாரும் கேட்கவில்லையே என்றான். மச்சான் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்பதற்காக அண்ணனுக்கு வந்ததைத் தட்டிப் பறித்த மாதிரி ஆகிவிடக் கூடாது என்றும் இருந்ததாம்.

பன்னிரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. ருமைஸா இரண்டு கடிதத்தையும் ஃபைலில் குத்தும்போது என்னைப் பார்த்து, இனிமேல் சின்னதாகவே எழுதுங்கள் நானா, எனக்கும் ஸ்கேன் பண்ண லேசு என்றார்.

சுரேஷ்குமார் ஜனவரி கடைசியில் மனாமா போனான். பிப்ரவரி பத்தாம் தேதி வீரம்மாள் அக்கா வந்து சேர்ந்தார். மெஷினைப் பார்த்தாயிற்று, ஒரு விரிப்பைத் தானே உள்ளே விட்டு மறுபக்கம் சுருக்கமில்லாமல் வருவதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நெசந்தான்" என்றாராம். அப்ராவில் வெயில் படாத பக்கம் உட்கார்ந்தாயிற்று.

நின்ற ஆட்டத்தைத் தொடர்ந்தது பிப்ரவரி இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை. நோன்பு மாதம் தொடங்கியிருந்ததால் மாலையில், செய்கு காக்கா நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொண்டோம். பேச்சிலர் அறைக்குப் பெண்களை அழைத்து வர முடியாது என்பதால் ரோலா பூங்காவில் புல்லில் பாய் விரித்து உட்கார்ந்தோம். செய்கு காக்கா கஞ்சியும் வடையும் கொண்டுவந்தார். சுரேஷ்குமார் குதைபியாவிலிருந்து வீடியோ காலில் இருந்தான். பின்னால் அவன் மச்சான் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன. நான் உறையையும், அலமாரிக் கதவைப் படம் பிடித்த போனையும் கொண்டுபோயிருந்தேன்.

அக்கா போனை வாங்கிப் பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். இவர் யார், இவர் என்ன செய்தார் என்று கேட்டார். பொன்னுச்சாமி அண்ணன் ரிப்கனிடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, பதினாறு வருஷம் ஒரு ஆட்டம் விடாதவர் என்று விவரமாகச் சொன்னார்.

"பதினாறு வருசமா?" என்றார் அக்கா. "அவரு வீட்டம்மா ஒண்ணும் சொல்லலியா?"

மார்க்கண்டு அண்ணை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எங்கள் ஐந்து பேரிடமும் அந்தப் புள்ளிவிவரம் இல்லை.

பிறகு ஃபிளட்டின் கதையைச் சொன்னோம். அக்காவுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருந்தது. "இவுக லெட்டரு எழுதுனது அவரு லெட்டரைப் பாத்துத்தான?" என்று கேட்டார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஓட்டுச் சீட்டை எடுத்தார். ஏழு வாரமாகப் பையில் இருந்து, ஒரு தடவை சட்டையோடு வெளுத்தும் போயிருந்தது. கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். டூட்டிக்கு வராமல் இருந்தது தப்புதான், அதில் எனக்கு மாற்றமில்லை என்றார். கடிதம் சரிதான் என்றார். இரண்டையும் எப்படி ஒரே சீட்டில் எழுத என்று கேட்டார்.

கடைசியில் சீட்டை அக்காவிடம் நீட்டினார். "நீயே போடு."

அறையில் இல்லாதவர் ஓட்டுப் போட விதியில் இடமில்லை என்று நான் சொன்னேன். மார்க்கண்டு அண்ணை சிரித்தார்.

"ஒராளுக்குப் பதிலா இன்னொராள் மட்டை பிடிக்கலாம் தம்பி. பேஸ்பால்ல அது பழைய காலத்தில இருந்து உள்ளதுதானே." பொன்னுச்சாமி அண்ணனைப் பார்த்தார். "ஆனா ஒண்டு. மாத்தினா மாத்தினதுதான். இந்த ஆட்டத்துக்கு நீர் திரும்பி வர ஏலாது."

"பரவால்ல. நான் பெஞ்சில இருக்கேன்" என்று சொல்லி அண்ணன் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அக்கா என் பேனாவை வாங்கி, மடியில் போனை வைத்து அதன்மேல் சீட்டை வைத்து, நிதானமாக எழுதினார். நாலாக மடித்துக் கொடுத்தார். உறையைப் பிரித்து எண்ணினேன். ஆம் மூன்று. இல்லை ஒன்று. அக்காவின் சீட்டில் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. "சேத்துக்கிறவும்" என்று எழுதி, கீழே பொ. வீரம்மாள் என்று கையெழுத்தும் போட்டிருந்தார்.

பெயர் எழுதிய ஓட்டு செல்லாது என்று செய்கு காக்கா கிளப்பினார். போனிலிருந்து சுரேஷ்குமார், செல்லும் செல்லும் என்று கத்தினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விதிகளை எழுதியவன் நான்தான். கையெழுத்து இல்லாத காகிதத்தை எந்த ஆபீஸிலும் வாங்குவதில்லை என்றும், சொல்ல வந்தது இதில் தெளிவாக இருக்கிறது என்றும் தீர்ப்புச் சொன்னேன். ஐந்தில் நாலு. எண்பது சதவீதம். காக்கா அப்போதும் 1968ஆம் வருஷப் பந்தைப் பற்றி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே எல்லோருக்கும் இன்னொரு வடை எடுத்து வைத்தார்.

மறுநாள் டைப்பிங் சென்டரில் ஃபிளட் படத்தைப் பிரிண்ட் எடுத்து வந்தேன். ரிப்கனுக்குப் பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். அங்கே இடமில்லை, பேப் ரூத்தைக் கீழே இறக்கினோம்.

மார்ச் பத்தாம் தேதி அக்காவுக்குத் திரும்பும் விமானம். இரண்டு நாள் முன்னால் பொன்னுச்சாமி அண்ணன் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும், அன்றைக்கு டூட்டிக்கு வர முடியாது என்றார். டூட்டி ராத்திரிதானே, விமானம் மத்தியானம்தானே, போய் வந்து தூங்கி எழுந்து வரலாமே என்று கணக்குச் சொன்னேன்.

"வரலாம்" என்றார். "வரல. ரிப்கனும் ஒரு நாளு தானாத்தான உக்காந்தாரு."

கடிதம் எண் 63. இரண்டு வரி. மதிப்பிற்குரிய ஐயா மட்டும் போட்டுக்கொள்ள அனுமதித்தார்.